அறிவுக்கும் அரைப்பேரா?

தோட்டத்தில் 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதிகள் அறியாத பொருளொன்று உண்டு. ஒரு நாள் உழைப்புக்கு முழுக்கூலி எழுதப்பட்டால் 'பேர்' விழுந்தது என்பார்கள். நிர்வாகம் விதித்த நிறைக்குக் கொழுந்து சேரவில்லையென்றால், இறப்பர்ப் பால் சேரவில்லையென்றால், விழுவது 'அரைப்பேர்'. காலைப் பிரட்டிலிருந்து மாலை நிறுவை வரை பாடுபட்டவள் முழு மனுஷிதான். ஆயினும் கணக்கேட்டில் அவள் அரை ஆள். அவள் வெட்டிய மரம் கிழடு தட்டிப்போயிருக்கலாம். விடியற்காலை மழையில் பட்டை நனைந்து பால் வெட்டு தடைப்பட்டிருக்கலாம். அவளுக்குக் கொடுத்த மலை பல ஆண்டுகளாக எருவே காணாத மலையாக இருக்கலாம். தராசு இவற்றையெல்லாம் அறியாது. அது அறிந்தது நிறை ஒன்றே. மரத்தின் குறையும் வானத்தின் குறையும் நிர்வாகத்தின் குறையும் ஒன்றுகூடி, ஏட்டில் ஏறும்போது உழைத்தவளின் குறையாகி விடுகின்றன.

எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் எங்கும் பரந்து கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் கணக்கு இது. இதே கணக்கு மனிதனின் அறிவின் மீதும் நடத்தப்படுகிறது. அதை நடத்துவோரில் நாமும், ஆம், ஆசிரியர்களாகிய நாமும் இருக்கிறோம். இதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் சீமான்களின் சபையைப் பார்ப்போம். 1946ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் ரோலண்ட் பெரில், லான்சலட் வேர் என்னும் இருவர் 'மென்ஸா' என்றொரு சங்கத்தைத் தொடங்கினர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு மேசை என்று பொருள். சமமானவர்கள் கூடி அமரும் வட்டமேசை என்பது அவர்களுடைய விளக்கம். குலம், செல்வம், அரசியல் எதுவும் பாராமல் அறிவு ஒன்றையே பார்ப்போம் என்றார்கள். கேட்பதற்கு இனிய வார்த்தைதான். ஆனால் அந்த மேசையில் அமர ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நுண்ணறிவுச் சோதனையில் மக்கள் தொகையின் உச்சியிலுள்ள 2 விழுக்காட்டுக்குள் மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். இன்று உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் அதன் உறுப்பினர்கள். அதுவும் போதாதென்று, ஆயிரத்தில் ஒருவருக்கே இடமளிக்கும் 'டிரிபிள் நைன்' சங்கம் 1978இலும், பத்து இலட்சத்தில் ஒருவருக்கே இடமளிக்கும் 'மெகா' சங்கம் 1982இலும் தோன்றின. ஒரு வாசலுக்குள் நுழைந்தவன் அதற்குள்ளே இன்னொரு வாசல் கட்டுகிறான். கோயிலுக்குள் கருவறையும், கருவறைக்குள் திரையும் கண்ட நமக்கு இது புதிதன்று.

இச்சங்கத்தார் யாருக்கும் தீங்கு செய்யவில்லையே, ஓய்வு நேரத்தில் கூடிப் புதிர் விடுவிக்கிறார்கள், அதை ஏன் குறை கூற வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். சீட்டாடுவோருக்குக் கழகம் இருப்பதுபோல் புதிர் விடுவிப்போருக்கும் ஒரு கழகம் இருந்துவிட்டுப் போகட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் சீட்டாட்டக் கழகம் தன் உறுப்பினர்களே மனிதகுலத்தின் மேலான பகுதி என்று சொல்வதில்லை. மென்ஸாவின் அடித்தளத்திலுள்ள கொள்கையோ, அறிவு என்பது ஒற்றை எண்ணில் அடங்கும் பொருள், அந்த எண்ணைக் கொண்டு மனிதரை வரிசைப்படுத்தலாம், வரிசையின் தலைப்பில் நிற்பவர் தனி இனம் என்பதாகும். நம் வழக்கு இந்தக் கொள்கையோடு.

இக்கொள்கையின் சூழ்ச்சியை ஒரு சிறு கணக்கே காட்டிக்கொடுக்கும். உச்சியிலுள்ள 2 விழுக்காட்டினர் என்று விதித்துவிட்டால், உலகத்து மக்கள் அனைவரும் நாளையே இருமடங்கு அறிவாளிகள் ஆனாலும் 98 விழுக்காட்டினர் வாசலுக்கு வெளியேதான் நிற்பார்கள். எழுத்தறிவு அப்படிப்பட்டதன்று, ஊர் முழுவதும் எழுதப் படிக்கக் கற்றால் ஊர் முழுவதும் தேறும். ஆனால் வரிசையை அளவாகக் கொண்ட சோதனையில் ஒருவன் ஏற இன்னொருவன் இறங்கியே ஆகவேண்டும். தாழ்ந்தோர் என்று ஒரு கூட்டம் எந்நாளும் இருப்பது அந்த அளவுகோலின் பிழையன்று. அதன் அமைப்பே அது.

இந்த அளவுகோல் பிறந்த கதையையும் அறிந்துகொள்வோம். பிரான்ஸ் நாட்டு உளவியல் அறிஞர் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் என்பவரோடு சேர்ந்து 1905ஆம் ஆண்டு இதன் முதல் வடிவத்தை இயற்றினார். நோக்கம் என்ன? பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளங்கண்டு அவர்களுக்குத் தனிக் கவனம் அளிப்பது. அறிவு என்பது கூட்டவோ குறைக்கவோ முடியாத, பிறப்பிலேயே அமைந்துவிட்ட அளவு என்று கூறுவோரைப் பினே வன்மையாகக் கண்டித்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்று நம்பினார். 1911இல் அவர் மறைந்தார். பின்தங்கியவனைத் தூக்கிவிட உண்டாக்கிய ஏணி, கடல் கடந்ததும் அவனைத் தள்ளிவைக்கும் வேலியாயிற்று.

அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1916இல் பினேயின் சோதனையைத் திருத்தி, பிறவியறிவை அளக்கும் கருவியென்று முழங்கினார். முதல் உலகப் போரின்போது பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களுக்கு இவ்வகைச் சோதனைகள் நடத்தப்பட்டன. அவற்றில் கேட்ட வினாக்களுள் ஒன்று, அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஒரு சமையல் கொழுப்பின் வர்த்தகப் பெயரைச் சொல்லி, அது மருந்தா, பற்பசையா, உணவா என்பது! இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் அண்மையில் வந்திறங்கிய ஏழை உழவனுக்கு அது எப்படித் தெரியும்? தெரியாதவன் மந்தபுத்தி என்று எழுதினார்கள். கார்ல் பிரிகம் என்னும் உளவியலாளர் இந்தப் புள்ளிகளை வைத்து 1923இல் ஒரு நூலே எழுதி, தெற்கு ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் கறுப்பின மக்களும் அறிவில் தாழ்ந்தோர் என்று தீர்ப்பளித்தார். இத்தகைய வாதங்கள் ஓங்கி ஒலித்த சூழலில்தான் 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அம்மக்களுக்கு அமெரிக்காவின் கதவைச் சாத்தியது. 1930இல் பிரிகம் தம் முடிவுகளைத் தாமே மறுத்து எழுதினார். கதவு திறக்கவில்லை.

இங்கிலாந்தில் நடந்ததோ இன்னும் வெட்கக்கேடு. பதினொரு வயதில் பிள்ளைகளைச் சலித்துச் சிலரை இலக்கணப் பள்ளிக்கும் பலரைத் தொழிலுக்கும் அனுப்பும் முறைக்கு அறிவியல் மேலாடை போர்த்தியவர்களுள் தலையாயவர் சிரில் பேர்ட். மென்ஸாவின் தலைவர் என்ற கௌரவமும் பெற்றவர் அவர். அறிவு பெரும்பாலும் மரபுவழி வருவது என்பதற்குப் பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையரைப் பற்றிய அவருடைய எண்களே தூண்களாக நின்றன. 1971இல் அவர் மறைந்த பின், லியோன் காமின் அந்த எண்களை ஆராய்ந்தார். ஆய்வுக்கு எடுத்த இரட்டையரின் தொகை கூடிக்கொண்டே போனபோதும் முடிவு எண் மூன்றாம் தசமத் தானம் வரை மாறாதிருந்ததை 1974இல் வெளிப்படுத்தினார். பேர்ட்டுக்காகப் பின்னர் வாதாடியவர்கள் உண்டு. ஆயினும் அந்த எண்களை ஆதாரமாகக் கொள்ள ஆய்வாளர்கள் இன்று துணிவதில்லை.

1980களில் ஜேம்ஸ் பிளின் பல நாடுகளின் பழைய சோதனை முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண்கள் உயர்ந்துகொண்டே வந்திருந்தன. முப்பது, நாற்பது ஆண்டுகளில் மனிதனின் பிறவி மாறிவிடுமா? மாறியவை பள்ளியும் உணவும் வாழ்க்கையும். அப்படியானால் அந்த எண்ணில் பதிவது மரத்தின் இயல்பு மட்டுமன்று. மண்ணும் எருவும் மழையும் சேர்ந்தே பதிகின்றன. தோட்டத்துத் தராசைப் பற்றி நாம் முதலில் கூறியதும் இதுவே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மென்ஸாவின் மேசை நம் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. ஆனால் அதன் கொள்கை நம் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவிலான பிள்ளைகள், பத்து வயதும் சரியாக நிரம்பாத குழந்தைகள், இதில் அமர்கிறார்கள். இரு வினாத்தாள்களில் முதலாவது நுண்ணறிவையும் உளச்சார்பையும் அளப்பது. வடிவங்களின் வரிசையும் எண்களின் தொடரும் வேறுபட்டதைக் கண்டுபிடிப்பதுமாக, மென்ஸாவின் சோதனைக்கு அது தங்கை முறை.

இப்பரீட்சையைத் தொடங்கியவர்களின் நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா ஊர்தோறும் மத்திய கல்லூரிகளை எழுப்பியபோது, ஏழைக் கிராமத்துப் பிள்ளையை அங்கே கொண்டுவந்து சேர்க்கும் பாலமாகவே புலமைப்பரிசில் வந்தது. எத்தனையோ உழவர் வீட்டுப் பிள்ளைகள் அப்பாலத்தின் வழியே மேலே வந்தார்கள். ஆனால் அந்தப் பாலத்தின் ஒரு முனைகூடத் தோட்டத்தைத் தொடவில்லை என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 1907இலும் 1920இலும் வந்த சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியை நிர்வாகத்தின் தலையில் வைத்தன. படித்த தொழிலாளி எந்தத் துரைக்கு வேண்டும்? லயத்துக் கோடியில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், அதுவே பள்ளி. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாட்டுக்கே வெளியே விட்டது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மனிதரைக் கொழுந்துபோல் நிறுத்துப் பிரித்தது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இடையே ஒரு தலைமுறைக்கால இடைவெளி சட்டத்தால் உண்டாக்கப்பட்டது.

சப்ரகமுவவின் துயரம் இதனினும் ஒருபடி கூடியது. நுவரெலியா மாவட்டத்தைப்போல் இங்கே தமிழர் திரண்டு வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தோட்டங்கள் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கின்றன. பள்ளிகளும் அப்படியே. சிறிய பள்ளிகள், குறைந்த ஆசிரியர்கள், ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் கட்டடங்கள். அதற்கு மேல் படிக்க மலையிறங்கி நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் கற்க வேண்டுமானால் எத்தனை பள்ளிகள் உண்டென்று விரல் விட்டு எண்ண வேண்டும். 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. ஓடிய பிள்ளையின் கையில் பாடப்புத்தகம் இருந்ததா என்று எந்தப் பரீட்சையும் கேட்டதில்லை. பலாங்கொடைக்கு அப்பால் பெலிகுல்ஓயாவில் 1990களில் இம்மாகாணத்தின் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் விளக்கொளி சுற்றியுள்ள லயங்களின் மேல் விழுகிறது. அதன் வாசல்தான் தொலைவில் இருக்கிறது.

வயிற்றையும் மறக்கலாகாது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் 17 விழுக்காடு. தோட்டப் பகுதியில் மட்டும் 32 விழுக்காடு. மூன்றில் ஒரு குழந்தை தொட்டில் பருவத்திலேயே நிறையில் வெட்டுண்டு போகிறது. அக்குழந்தை பத்து வயதில் வந்து உட்காரும்போது, உன் பிறவியறிவை அளக்கிறோம் என்று ஒரு தாளை நீட்டுகிறோம். இது அறிவியலா, அநீதியா?

பிறவியறிவை அளப்பதாயின் பயிற்சி நூல்களுக்கு அங்காடியில் என்ன வேலை? மாதிரி வினாத்தாள் விற்கிறது, தனியார் வகுப்பு விற்கிறது, ஞாயிற்றுக்கிழமைகள் விற்கின்றன. விலை கொடுத்து வாங்கக்கூடியது எதுவோ அது பிறவிக் குணமாக இருக்க முடியாது. 2024 செப்டெம்பர் 15ஆம் நாள் நடந்த பரீட்சையில் முதல் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்னரே வெளியாகிவிட்டன என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி வழங்கும்படி டிசம்பர் 31ஆம் நாள் தீர்ப்பாயிற்று. பத்து வயதுக் குழந்தையின் எதிர்காலம் மூன்று வினாக்களில் தொங்குமாறு செய்துவிட்ட ஏற்பாட்டை என்னவென்பது? தவறு செய்தவர் சிலராக இருக்கலாம். அத்தவறுக்கு அத்தனை விலை உண்டாக்கியது இந்த முறை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை நாம் மதிக்கிறோம். 'சிபாரிசும் பணமும் ஆளும் நாட்டில் பரீட்சை ஒன்றுதான் ஏழையின் துணை. அதையும் எடுத்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன வழி?' என்று நல்ல ஆசிரியர்களே கேட்கிறார்கள். டெல்லியில் மென்ஸாவினர்கூட 'துருவ்' என்ற திட்டத்தின் கீழ் ஏழைப் பிள்ளைகளிடையே சோதனை நடத்தி, தேறியவர்களுக்கு உதவுகிறார்கள். உதவி பெற்ற பிள்ளை உயரட்டும், வாழ்த்துகிறோம். ஆனால் நூறு பேர் மூழ்கும் வெள்ளத்தில் இருவரைத் தூக்கியெடுத்து, மற்றவர் நீந்தத் தெரியாதவர் என்று எழுதிவைத்துப் போவதற்கு மீட்புப்பணி என்று பெயரில்லை. நம் புலமைப்பரிசிலின் உபகாரப் பணத்தையே பாருங்கள். குடும்பம் வறியதாக இருந்தால் மட்டும் போதாது. வெட்டுப்புள்ளியையும் தாண்ட வேண்டும். ஒரு புள்ளி குறைந்த ஏழைக் குழந்தைக்குப் பசி குறைந்துவிடுமா? சிபாரிசை ஒழிக்கப் பரீட்சை வேண்டும் என்பவர்கள், நல்ல பள்ளிகள் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கின்றன என்று கேட்பதில்லை. எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளியானால் சிபாரிசுக்கும் வேலையில்லை, வெட்டுப்புள்ளிக்கும் வேலையில்லை.

மேதைகளைக் கண்டெடுக்கச் சல்லடை வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மேதைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார். அவருடைய சல்லடை தள்ளிவிட்ட சிறுவர்களுள் இருவர் பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றனர்: 1956இல் வில்லியம் ஷாக்லி, 1968இல் லூயிஸ் ஆல்வரெஸ். இதிலும் ஒரு வேடிக்கை. தன்னைத் தள்ளிய அளவுகோலையே ஷாக்லி பிற்காலத்தில் கையிலெடுத்து, கறுப்பின மக்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தோர் என்று பிரசாரம் செய்தார். அடிபட்டவனே பிரம்பை வாங்கி அடிக்கும் கொடுமை நம் நாட்டிலும் இல்லாததன்று. நம் இராமானுஜனோ, கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தவறிக் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தவர். அவரைக் கண்டுகொண்டது சோதனைத்தாள் அன்று. அவருடைய குறிப்பேடுகளைப் பொறுமையாகப் படித்துப் பார்த்த மனிதர்கள்.

பொறுமையாகப் படித்துப் பார்ப்பது ஆசிரியனின் தொழில். அத்தொழிலை நாம் செய்கிறோமா? தோழர்களே, உண்மையைச் சொல்லிக்கொள்வோம். நான்காம் வகுப்பு முடியுமுன்பே, 'இவன் தேறுவான், இவள் தேறமாட்டாள்' என்று பிரித்துவிடுகிறோம். தேறக்கூடிய ஏழெட்டுப் பேர் முன்வரிசையில். மாலை வகுப்பும் விடுமுறை வகுப்பும் அவர்களுக்கே. மீதிப் பேர் பின்வரிசையில் சத்தமிடாமல் இருந்தால் போதும். பெறுபேறு வந்ததும் வாசலில் பதாகை கட்டுகிறோம். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் படங்கள் அதில் சிரிக்கின்றன. பதாகையில் இல்லாத பிள்ளை அடுத்த நாளும் அதே வாசல் வழியாகத்தான் வரவேண்டும். வராமல் நின்றுவிட்டால், 'படிப்பு ஏறவில்லை' என்று இடாப்பில் கோடிழுக்கிறோம். துரை கொழுந்துக்குப் போட்ட அரைப்பேரை நாம் அறிவுக்குப் போடுகிறோம். துரைக்கு இலாபமாவது உண்டு. நமக்கு என்ன உண்டு?

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம். உபகாரப் பணம் வறுமையைப் பார்த்து வழங்கப்படட்டும். புள்ளியைப் பார்த்து அன்று. சப்ரகமுவவின் தோட்டப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வரட்டும். கேகாலை மாவட்டத்திலும் இரத்தினபுரி மாவட்டத்திலும் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும், மலையிறங்கும் பிள்ளை அன்றே வீடு திரும்பக்கூடிய தூரத்தில் கிடைக்கட்டும். ஆரம்பப் பள்ளியின் மதிய உணவு ஒரு நாளும் தவறாதிருக்கட்டும். இவற்றைச் செய்து முடித்த பிறகு யாருக்கேனும் அறிவை அளந்து பார்க்கும் ஆசை மிஞ்சியிருந்தால், அப்போது பேசிக்கொள்வோம்.

அரசாங்கத்தின் பங்கு இது. நம் பங்குக்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டாம். அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். பின்வரிசை மாணவரை முன்னே அழைத்து உட்காரவைப்போம். மாலை வகுப்பு நடத்துவதானால் முழு வகுப்புக்கும் நடத்துவோம். பெறுபேறு வரும் நாளில் பதாகை கட்டுவதை நிறுத்துவோம். இடாப்பைத் திறந்து கூப்பிடும்போது, அங்கே எழுதியிருப்பவை எல்லாமே முழுப்பேர்கள் என்பதை நினைவில் கொள்வோம்.